ஜென்ம புத்தி

கொசு கடிப்பதைக் கடைசிவரை பார்த்தவர்கள் குறைவு. கை தானாகப் போய் அடித்துவிடும். அடிக்காமல் பொறுத்திருந்தால், அதுவும் காலை வெயிலில் முழங்கைக்குக் கீழே வந்து உட்காரும் ஏடிஸ் கொசுவாக இருந்தால், பார்க்க நிறைய இருக்கிறது. கறுப்புக் கால்களில் வெள்ளை வளையங்கள். உட்கார்ந்த உடனே குத்திவிடாது. நாலு எட்டு நடக்கும், வாயின் நுனியால் தோலைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். இடம் தேறியதும் வாயின் வெளியுறை மட்டும் வில்லாக மடங்கிப் பின்வாங்க, உள்ளிருந்து ஆறு மெல்லிய ஊசிகள் ஒரே கட்டாகத் தோலுக்குள் இறங்கும். அவற்றில் ஒரு ஜோடிக்கு ரம்பப் பல். ஒன்று எச்சிலை இறக்கும், ஒன்று ரத்தத்தை ஏற்றும். இறங்கிய கட்டு உள்ளே நேராக நிற்பதில்லை. வளைந்து நெளிந்து ரத்தக்குழாயைத் துழாவும். கிடைத்துவிட்டால் இரண்டொரு நிமிஷத்தில் வயிறு சிவந்து உப்பிவிடும். ஏறக்குறைய தன் எடைக்குத் தன் எடை ரத்தத்தைச் சுமந்துகொண்டு தள்ளாடி எழுந்து பக்கத்துச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இத்தனை வேலையையும் அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. தாயை அது கண்டதே கிடையாது. தண்ணீரில் புழுவாக நெளிந்து, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்து வெளியே வந்த சில நாட்களில் ஒரு மனிதக் கையைத் தேடி வந்து இவ்வளவு பிசகில்லாமல் காரியத்தை முடிக்கிறது. "ஜென்ம புத்தி செருப்பால அடிச்சாலும் போகாது" என்ற சொலவடைக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி கிடைக்காது என்றுதான் தோன்றும். செருப்பு, மட்டை, மின்சார பேட், சுருள் புகை எல்லாவற்றாலும் அடித்துப் பார்த்தாகிவிட்டது. போகவில்லை.

பிறப்பில் வரும் புத்தி என்ற பேச்சை நான் சந்தேகத்தோடுதான் கேட்பேன். பிறப்பைக் காட்டி மனிதர்களை வரிசையில் நிறுத்திய ஊர் இது. மனிதர் விஷயத்தில் 'அவங்க ரத்தத்துலயே இருக்கு' என்று யாராவது ஆரம்பித்தால் அங்கிருந்து எழுந்துவிடுவது நல்லது. ஆனால் கொசுவிடம் அந்தச் சங்கடம் இல்லை. அதன் நடத்தையில் மரபணுவுக்கு எவ்வளவு பங்கு, அந்தப் பங்கு எப்படி வந்து சேர்ந்தது, எப்போது வந்தது என்பதையெல்லாம் மனம் கூசாமல் விசாரிக்கலாம். கடந்த பத்துப் பதினைந்து வருஷங்களில் அப்படி விசாரித்தவர்கள் கண்டதைப் படிக்கும்போது, ஜென்ம புத்தி என்று நாம் எதைச் சொல்லிக்கொண்டிருந்தோமோ அதற்கு ஊர், தேதி, காரணம் எல்லாம் உண்டு என்று தெரிகிறது.

கென்யாவில் மொம்பாசா துறைமுகத்துக்கு வடமேற்கே ரபாய் என்று ஓர் ஊர். அங்கே மிஜிகெண்டா மக்கள் வெட்டாமல் காத்துவரும் கயா என்ற புனிதக் காடுகள் உண்டு. நம் கோயில் காடுகளைப் போல. அந்தக் காட்டின் மரப்பொந்துகளில் தேங்கும் மழைநீரில் ஏடிஸ் எஜிப்தி முட்டையிடுகிறது. காட்டை ஒட்டிய கிராமத்து வீடுகளுக்குள் இருந்த தண்ணீர்ப் பானைகளிலும் ஏடிஸ் எஜிப்தி முட்டையிட்டது. இரண்டும் ஒரே இனம். கூட்டி வைத்தால் கூடும், குஞ்சுகளுக்கும் ஒரு குறையும் இருக்காது. ஆனாலும் காட்டுக் கொசு கறுப்பு, வீட்டுக் கொசு வெளிர் பழுப்பு. காட்டுக் கொசு விலங்குகளைக் கடித்து வாழ்கிறது, வீட்டுக்குள் அதிகம் நுழைவதில்லை. வீட்டுக் கொசுவுக்கு மனிதரைத் தவிர மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம்.

1970களில் மிலன் டிர்பிஸ், வில்லி ஹவுசர்மன் என்ற இருவர் ரபாயில் ஒரு சோதனை செய்தார்கள். இருவகைக் கொசுக்களையும் அவற்றின் கலப்புப் பிள்ளைகளையும் அடையாளமிட்டு வீடுகளுக்கு அருகே பறக்கவிட்டு, எவை உள்ளே வருகின்றன என்று பார்த்தார்கள். வீட்டுக் கொசுக்கள் நிறைய வந்தன. காட்டுக் கொசுக்கள் அபூர்வமாக வந்தன. கலப்பினங்கள் இரண்டுக்கும் நடுவே நின்றன. ஒரு வாசலைத் தாண்டுவதா வேண்டாமா என்பதுகூடத் தாய் தகப்பனிடமிருந்து பாதிப் பாதியாக வந்து சேர்கிறது. 1978இல் வெளியான அந்தக் கட்டுரைக்குப் பிறகு இந்த ஊர் கொசு ஆய்வாளர்களின் புனிதத் தலம் மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த பெரிய அடி விழ முப்பத்தைந்து வருஷம் ஆனது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி வோஷலின் ஆய்வகத்தில் இருந்த கரோலின் மக்பிரைட், ரபாயின் இருவகைக் கொசுக்களையும் வளர்த்துத் தேர்வு வைத்தார். ஒரு பெட்டி. அதில் காற்று வரும் இரண்டு குழாய்கள். ஒன்றின் முனையில் மனிதக் கை, மற்றதில் கினிப் பன்றி. வீட்டு வகை கைப்பக்கம் போனது, காட்டு வகை கினிப் பன்றியின் பக்கம் போனது. இதோடு நின்றிருந்தால் பழைய சங்கதிதான். அவர் இரண்டையும் கலந்து, பேரப்பிள்ளைகள் காலம்வரை கொண்டுபோனார். பேரப்பிள்ளைகளில் நிறமும் குணமும் சீட்டுக் குலுக்கியதுபோல் கலைந்துவிடும். கறுப்பாக இருந்து மனிதரைத் தேடுவது, பழுப்பாக இருந்து கினிப் பன்றியைத் தேடுவது என்று எல்லாம் கிடைக்கும். அப்படிக் கலைந்த கூட்டத்தைப் பெட்டிக்குள் விட்டு, மனிதரைத் தேர்ந்தவற்றையும் கினிப் பன்றியைத் தேர்ந்தவற்றையும் தனித்தனியாகப் பிடித்து, உணர்கொம்பில் எந்தெந்த மரபணுக்கள் எவ்வளவு மும்முரமாக வேலை செய்கின்றன என்று ஒப்பிட்டார்கள். மேலே வந்து நின்றது ஒரு வாசனை ஏற்பியின் மரபணு. அதன் பெயர் ஓஆர்4.

மனிதரை விரும்பும் கொசுக்களில் இந்த ஏற்பி அதிகம் உற்பத்தியாகிறது. அவற்றிடம் இருக்கும் வடிவம் கூர்மையானதும்கூட. அது முகர்ந்து பிடிக்கும் பொருள் சல்கடோன், மனித உடல் வாசனையில் தூக்கலாக இருக்கும் ஒன்று. 2014இல் 'நேச்சர்' இதழில் இது வந்தபோது 'மனிதரைத் தேடும் மரபணு கிடைத்துவிட்டது' என்ற தொனியில் செய்திகள் வந்தன. மக்பிரைட் குழுவினர் அப்படிச் சொல்லவில்லை. இது ஒரு பங்கு, மற்ற பங்குகள் இன்னும் கிடைக்கவில்லை என்பதே அவர்கள் சொன்னது. செய்திக்கும் ஆய்வுக்கும் நடுவே இந்தப் 'பங்கு' என்ற சொல்தான் எப்போதும் தொலைந்துபோகிறது.

ரபாய்க் கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. அந்த வீட்டுக் கொசு பக்கத்துக் காட்டிலிருந்து இறங்கி வந்ததல்ல என்று பிற்கால மரபணு ஒப்பீடுகள் காட்டுகின்றன. ஆசியா, அமெரிக்கா என்று உலகமெங்கும் பரவியிருக்கும் மனிதப் பிரியக் கொசுவுக்கே அது நெருங்கிய சொந்தம். ஆப்பிரிக்காவை விட்டுப் போய், கடல் சுற்றி, கப்பலேறித் திரும்பி வந்திருக்கிறது. அப்படியானால் இந்தக் குணம் முதலில் முளைத்தது எங்கே?

பிரின்ஸ்டனில் மக்பிரைட் தொடங்கிய ஆய்வகத்திலிருந்து நோவா ரோஸும் ஆப்பிரிக்க நாடுகளின் ஆய்வாளர்களும் சேர்ந்து சஹாராவுக்குத் தெற்கே 27 இடங்களில் ஏடிஸ் முட்டைகளைச் சேகரித்தார்கள். காடு, கிராமம், நகரம் எல்லாம் அதில் உண்டு. முட்டைகளைப் பொரிக்கவைத்து, வளர்த்து, பெட்டித் தேர்வு வைத்தார்கள். நகரத்துக் கொசு மனிதரை விரும்பும், காட்டுக் கொசு விலங்கை விரும்பும் என்றுதான் யாரும் ஊகிப்பார்கள். ஆப்பிரிக்க நகரங்கள் பலவற்றின் கொசுக்கள் விலங்குப் பக்கமே சாய்ந்தன. மனிதர் பக்கம் அதிகம் சாய்ந்தவை செனகலின் தியெஸ், எங்கோயே போன்ற சஹேல் வட்டாரத்து ஊர்களைச் சேர்ந்தவை. அங்கே மழை வருஷத்தில் சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிட்டு, மீதி மாதங்களில் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு கொசு எவ்வளவு மனிதப் பிரியம் கொண்டது என்பதை அறிய அந்த ஊரின் வறண்ட காலம் எவ்வளவு நீளம், எவ்வளவு கடுமை என்று பார்ப்பதே சிறந்த வழி என்று 2020இல் அவர்கள் எழுதினார்கள். மனித நெரிசலுக்கும் பங்கு உண்டு, ஆனால் அது அடுத்தபடி.

இதில் கொஞ்ச நேரம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ரத்த தாகத்தின் கதையைத் தேடிப் போனால் தண்ணீர் தாகத்தின் கதை வந்து நிற்கிறது. ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிடாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான விளிம்பில் ஒட்டிவைக்கும். மட்டம் உயர்ந்து நனைத்தால் பொரியும். நனையாவிட்டால் மாதக்கணக்கில் காய்ந்தபடியே காத்திருக்கும். காட்டு மரப்பொந்தில் கோடை முழுக்க இப்படிக் காத்துக்கிடந்த முட்டைகளுக்குப் பிழைப்பு ஒரு சூதாட்டம். அந்த வறண்ட நிலத்தில் கோடையிலும் தண்ணீர் இருந்த இடம் ஒன்றே ஒன்று: மனிதர் குடியிருந்த இடம். ஏரியோ ஓடையோ வற்றும் நாளுக்காக மனிதர் பானையில் மொண்டு வைத்தார்கள். நிழலில் வைத்தார்கள். தீரத் தீர நிரப்பினார்கள். மட்டம் இறங்கி ஏறும், இறங்கி ஏறும். ஏடிஸ் முட்டைக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்தப் பானையில் பிறந்து சிறகு விரித்த பெண் கொசுவுக்கு எட்டிய தூரத்தில் இருந்த சூடான உடம்பு நம்முடையது. அந்த வாசனையைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்த கொசு கொஞ்சம் கூடுதலாக முட்டையிட்டது. மற்றதைக் காலம் பார்த்துக்கொண்டது.

எவ்வளவு காலம் என்பதற்கும் 2023இல் அதே குழு ஒரு கணக்குப் போட்டது. மரபணுத் தொகுதிகளில் பதிந்துகிடக்கும் மாற்றங்களைக் கொண்டு பின்னோக்கி எண்ணினால், மனிதப் பிரியக் கொசு மற்றவற்றிலிருந்து பிரியத் தொடங்கியது சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு. பசுமையாக இருந்த சஹாரா பாலையாக மாறி முடிந்த காலம் அது. பிறகு சுமார் 500 ஆண்டுகளுக்கு முன், அடிமைகளை ஏற்றிய கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் இந்தக் கொசு அட்லாண்டிக் கடலைக் கடந்தது. மஞ்சள் காய்ச்சல் கூடவே போனது. ஐயாயிரம் வருஷம் என்பது கொசு குலத்தின் வயதில் நேற்று மாலை. நம் தொன்மையைப் பேசும்போது நாம் சாதாரணமாக அள்ளிவிடும் எண்களைவிடக்கூடச் சின்னது. இவ்வளவு அண்மையில் வந்த ஒன்றைத்தான் பூர்வ ஜென்ம வாசனை போல நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

இந்த மாதிரிக் கதைகளில் அவசரமும் ஆகாது. லண்டன் சுரங்க ரயில் கொசுவின் கதை நல்ல எச்சரிக்கை. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து சுரங்க நிலையங்களில் தூங்கியவர்களைக் கடித்த கியூலெக்ஸ் வகை அது. தரைக்கு மேலே இருக்கும் அதன் உறவுகள் பறவைகளைக் கடிக்கும், இது மனிதரைக் கடிக்கும். சுரங்கம் தோண்டிய நூறு வருஷத்துக்குள் ஒரு கொசு குணம் மாறிவிட்டது என்று பாடப்புத்தகங்கள்வரை ஏறிய கதை. 2025இல் 'சயின்ஸ்' இதழில் வந்த விரிவான மரபணு ஆய்வு, அந்த வகை ஆயிரம் ஆண்டுக்கும் மூத்தது, மத்தியக் கிழக்கின் பண்டை வேளாண் சமூகங்களோடு ஒட்டி உருவானதாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. சுரங்கத்துக்கு அது வாடகைக்கு வந்த குடித்தனம்தான்.

சரி, அந்தக் குணம் உடம்பில் எங்கே இருக்கிறது? ஒரு மரபணுவை அழித்தால் தாகம் அடங்குமா? வோஷல் ஆய்வகத்தில் அதையும் செய்து பார்த்தார்கள். ஓஆர்4 போன்ற ஏற்பிகள் தனியாக வேலை செய்ய முடியாதவை. ஓர்கோ என்ற கூட்டாளிப் புரதம் இல்லாமல் அந்தக் குடும்பம் முழுவதும் முடங்கிவிடும். 2013இல் மாத்யூ டிஜென்னாரோவும் கூட்டாளிகளும் ஓர்கோவை அழித்த கொசுக்களை உருவாக்கினார்கள். அவை மனிதரை மறந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு பாதிதான் பலித்தது. கரியமில வாயு கொஞ்சம் காற்றில் இருந்தால் போதும், நேராகக் கைக்கு வந்தன. மாறியது என்னவென்றால், மனிதருக்கும் கினிப் பன்றிக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது. விருப்பம் போய்ப் பசி மட்டும் மிஞ்சியது. கரியமில வாயுவை உணரும் மரபணுவை அழித்துப் பார்த்தார்கள். தள்ளாடின, ஆனாலும் அருகில் வந்ததும் கண்டுகொண்டன. அமிலங்களை உணரும் வேறொரு ஏற்பிக் குடும்பத்தை முடக்கினார்கள். குறைந்ததே தவிர நிற்கவில்லை. 2022இல் காரணம் ஓரளவு விளங்கியது. பழ ஈயில் ஒரு நரம்பணுவில் ஒரு வகை ஏற்பிதான் என்று நெடுநாளாக நம்பப்பட்ட ஒழுங்கு கொசுவின் மூக்கில் இல்லை. ஒரே நரம்பணுவில் பல ஏற்பிகள் கூட்டுக் குடும்பமாக இருக்கின்றன. ஒன்றை அடைத்தால் மற்றது திறந்திருக்கும்.

அதே வருஷம் மக்பிரைட் குழு கொசுவின் மூளையைப் பார்த்துக்கொண்டே வாசனைகளைக் காட்டி, மனித வாசனைக்கென்று உரத்து எரியும் ஒரு நரம்பு முடிச்சைக் கண்டுபிடித்தது. அதைக் கிளப்புவது டெக்கனால், அண்டெக்கனால் போன்ற நீண்ட ஆல்டிஹைடுகள். நம் தோலின் எண்ணெய்ப் பசை காற்றுப்பட்டு மாறும்போது வருபவை அவை. ரோமத்தை இழந்து எண்ணெய்த் தோலோடு திரியும் விலங்கு நாம். அந்த எண்ணெயில் உள்ள சில கொழுப்பு அமிலங்கள் மற்ற விலங்குகளிடம் இந்த அளவில் இல்லை. கொசுவின் மரபணுவைத் திறந்தால் உள்ளே நம் தோலின் பரிணாமம் எழுதியிருக்கிறது.

"உனக்கு ரத்தம் இனிப்புடா, அதான் உன்னையே கடிக்குது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. பக்கத்தில் படுத்திருக்கும் தம்பிக்கு ஒன்றும் இருக்காது, அண்ணனுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. அவர்கள் பார்த்தது சரி, காரணம்தான் வேறு. ராக்ஃபெல்லரில் நைலான் காலுறைத் துணியைப் பலருடைய முன்கையில் சுற்றிவைத்து, அந்தத் துணிகளைக் கொசுவுக்கு ஜோடி ஜோடியாகக் காட்டினார்கள். சிலரின் துணி எப்போதும் ஜெயித்தது. மூன்று வருஷம் கழித்தும் அவர்களே ஜெயித்தார்கள். அவர்கள் தோலில் கார்பாக்சிலிக் அமிலங்கள் அதிகம். ரத்தம் இனிப்பதல்ல, தோல் மணக்கிறது. ரத்தத்தின் ருசி கொசுவுக்குப் பிறகுதான், ஊசி உள்ளே போனபின். அந்த ஊசியிலும் சுவை நரம்புகள் உண்டு. உப்பு, சோடா உப்பு, சர்க்கரை, உயிரணுக்களில் இருக்கும் ஏடிபி என்ற நான்கும் சேரும்போது அவற்றுக்கு ரத்தம் என்று படும். ரத்தமே இல்லாத உப்புக் கரைசலில் ஏடிபியைக் கலந்து கொடுத்தாலும் வயிறு முட்டக் குடித்துவிடும்.

எனக்கு இதில் எல்லாவற்றையும்விட வியப்பளித்தது ஆண் கொசுவைப் பற்றிய ஒரு சோதனை. ஆண் கொசு கடிக்காது என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தேனும் பழச்சாறும் போதும் அதற்கு. பெண்ணுக்கும் தினசரிச் சாப்பாடு அதுவே, ரத்தம் முட்டைக்காக. ஆகவே மனிதரைத் தேடும் ஏற்பாடு பெண்ணின் மூளையில் மட்டும் கட்டப்பட்டது என்று நினைப்பது இயல்பு. ஃப்ரூட்லெஸ் என்று ஒரு மரபணு உண்டு. பழ ஈயில் ஆணின் காதல் சேட்டைகளை நடத்துவது அது என்று பல பத்தாண்டுகளாகத் தெரியும். ஆண் கொசுவில் அதைக் கெடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்தபடி அந்த ஆண்களால் பெண்ணோடு கூட முடியவில்லை. எதிர்பாராத ஒன்றும் நடந்தது: அவை மனித வாசனையைத் தேடிப் பறந்து வந்தன, பெண் கொசுக்களைப் போலவே. தோலைத் துளைக்கும் வாய் அவற்றுக்கு இல்லை. வந்து என்ன செய்வது என்ற ஏற்பாடும் இல்லை. ஆனால் வந்தன. 2020இல் வெளியான இந்த ஆய்வின் பொருள், மனிதரைத் தேடும் சுற்று ஆணின் தலைக்குள்ளும் முழுசாகக் கட்டித்தான் வைக்கப்பட்டிருக்கிறது, ஃப்ரூட்லெஸ் அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறது என்பது. மரபணு ஒரு குணத்தைக் கொடுக்கிறது என்றே நாம் பேசிப் பழகியிருக்கிறோம். உள்ளே இருக்கும் குணத்தைத் தலைதூக்க விடாமல் வைத்திருப்பதும் மரபணுவின் உத்தியோகம்தான்.

பெண்ணிடமும் இந்த அழுத்தும் கை வேறு விதத்தில் உண்டு. வயிறு நிறையக் குடித்த கொசு அடுத்த சில நாட்களுக்கு உங்களைத் திரும்பிப் பார்க்காது. முட்டை வைத்த பிறகுதான் பசி மீளும். பசியை அடக்கும் நரம்புப் பெப்டைடு நம் உடம்பிலும் இருப்பவற்றின் தூரத்துச் சொந்தம் என்பதால், லாரா டுவால் என்ற ஆய்வாளர் மனிதருக்கான உடல் எடைக் குறைப்பு மருந்துகளைக் கொசுவுக்குக் கொடுத்துப் பார்த்தார். பசி போய்விட்டது. பிறகு இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களைச் சலித்து, மனிதர்மேல் வேலை செய்யாமல் கொசுவின் என்பிஒய்எல்ஆர்7 என்ற ஏற்பியை மட்டும் தட்டும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கொசுவுக்கு டயட் என்று பத்திரிகைகள் கிண்டல் செய்தன. கிண்டலாக இருந்தாலும், கொல்வதை விட்டுவிட்டுப் பசியாற்றி அனுப்பலாம் என்று யோசித்தவர்களை எனக்குப் பிடித்திருக்கிறது.

அடக்கிவைப்பது ஒன்று, அடியோடு விட்டுவிடுவது இன்னொன்று. வட அமெரிக்கச் சதுப்பு நிலங்களில் பூச்சி தின்னும் குடுவைச் செடி ஒன்று வளர்கிறது. குடுவையில் தேங்கும் நீரில், செத்து மிதக்கும் பூச்சிகளின் நடுவே, வயோமியா ஸ்மித்தி என்ற கொசுவின் புழுக்கள் வளர்கின்றன. ஃபுளோரிடா பக்கத்துக் கொசு, முதல் தவணை முட்டையை ரத்தமில்லாமலே வைத்துவிட்டு, அடுத்த தவணைக்குக் கடிக்க வரும். வடக்கே போகப்போகக் கடிப்பதே இல்லை. கையை நீட்டி வைத்தாலும் வராது. இரண்டும் ஒரே இனம். ஆரெகன் பல்கலைக்கழகத்தின் வில்லியம் பிராட்ஷா, கிறிஸ்டினா ஹோல்ஸாப்ஃபெல் தம்பதி இந்தச் சின்னஞ்சிறு கொசுவோடே வாழ்நாளைக் கழித்தவர்கள். கடிப்பதும் கடிக்காததும் கலந்திருக்கும் தெற்கத்திக் கூட்டம் ஒன்றில் கடிப்பவற்றை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து, கடிப்பவற்றில் எந்த மரபணுக்கள் எழுந்திருக்கின்றன என்று 2018இல் எழுதினார்கள். கடிக்கும் கொசு ரத்தம் கிடைக்கும் முன்பே அதைச் செரிக்க உடம்பைத் தயார் செய்து, செலவு செய்து வைத்திருக்கிறது. கடிக்காதது அந்தச் செலவை மிச்சம் பிடிக்கிறது. மூக்கைக் குறைத்துக் கண்ணை அதிகம் நம்புகிறது. ரத்தத்தைத் தேடிப் போவது ஆபத்தான தொழில். அடிபட்டுச் சாகலாம். புழுப் பருவத்திலேயே வயிறு நிறைந்தால் அந்தத் தொழிலை விட்டுவிடலாம். வடக்கத்திக் கொசு விட்டுவிட்டது. செருப்பால் அடித்தும் போகாத புத்தி, சாப்பாடு சரியாகக் கிடைத்ததும் போய்விட்டது.

மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கூட்டத்தில் இதே விருப்பம்தான் ஊருக்கு ஊர் உயிர்களை எண்ணியிருக்கிறது. கொசு மாட்டைக் கடித்தால் மலேரியா ஒட்டுண்ணிக்கு அது முட்டுச் சந்து, மனிதரைக் கடித்தால் நெடுஞ்சாலை. 1964இல் மிக் கில்லிஸ் கிழக்கு ஆப்பிரிக்காவில் அனோபிலிஸ் காம்பியேவுக்கு முன் ஒரு மனிதரையும் ஒரு கன்றையும் வைத்து, இரண்டு பக்கமும் போனவற்றைப் பிரித்து வளர்த்துக்கொண்டே போனார். சில தலைமுறைகளில் இரண்டு கால்வழிகளும் ஆளுக்கொரு பக்கம் சாயத் தொடங்கிவிட்டன. கன்றுக்குட்டி விருப்பமும் பரம்பரைச் சொத்து.

நம் பக்கத்துக் கிராமங்களின் மலேரியாக் கொசு அனோபிலிஸ் கூலிசிஃபேசிஸ். 1934இல் இலங்கையில் மழை பொய்த்து, ஈரமண்டலத்து ஆறுகள் அங்கங்கே குட்டைகளாகத் தேங்கியபோது அதில் பெருகியதும் இதுதான். அடுத்த வருஷத்துக்குள் சுமார் 80,000 பேர் செத்தார்கள். இது ஒரு கொசுவல்ல, உருவத்தில் பிரிக்க முடியாத ஐந்து இனங்களின் கூட்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. ஏ, பி, சி, டி, ஈ என்று எழுத்து வைத்தார்கள். பி மாட்டுக்கொட்டில் கொசு. மனிதரை அவ்வளவாகச் சீண்டாது, மலேரியாவுக்கும் அதற்கும் பெரிய தொடர்பு கிடையாது என்பது ஆய்வாளர்களின் முடிவு. ராமேஸ்வரம் தீவு மட்டும் இந்த முடிவுக்கு அடங்கவில்லை. அங்கே பிடித்ததெல்லாம் பி, ஊரில் மலேரியாவோ ஓயவில்லை. வரிக்குரோமோசோம்களின் வரிவடிவம் பி என்றே சொன்னது. கொசுவோ மனிதரைக் கடித்துக்கொண்டிருந்தது.

1999இல் வெளியான ஆய்வு விஷயத்தை அவிழ்த்தது. பி என்று எண்ணியதற்குள் இன்னொன்று ஒளிந்திருந்தது, அதுதான் ஈ. மனித ரத்தத்தை விரும்புவதும் மலேரியாவைச் சுமப்பதும் அதுவே. இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரிந்த ஒரே வேற்றுமை ஒய் குரோமோசோமின் வடிவத்தில் இருந்தது. ஒய் குரோமோசோம் ஆணுக்குத்தான் உண்டு. கடிப்பது பெண். ஆகவே பிடித்து வந்த ஒவ்வொரு பெண் கொசுவையும் தனித்தனிக் குழாயில் முட்டையிட வைத்து, குஞ்சு பொரித்து, புழுக்களை வளர்த்து, அவற்றில் ஆண்களைப் பொறுக்கி நுண்ணோக்கியின் கீழ் வைத்தார்கள். மகனின் ஒய்யைப் பார்த்த பிறகுதான் தாய் மாட்டைத் தேடிப் போனவளா, ஆளைத் தேடி வந்தவளா என்று எழுத முடிந்தது.